அனுப்பாத ஓட்டு

அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் கோவில் மண்டபத்தில் நடந்த என் கல்யாணத்துக்கு, அப்பாவோடு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் போடும் வேலை பார்த்த பேக்கிங் ஆன்ட்டி வந்திருந்தார். பழைய சூப்பர்வைசர்கூட கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, இலையில் எதை முதலில் தொடுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தார். ஓவன் அங்கிள் மட்டும் வரவில்லை. இருபத்தாறு வருஷம் அப்பாவும் அவரும் ஒரே ஷிப்டில் ஒரே அடுப்புக்கு முன்னால் நின்றவர்கள். நான் படித்த காலத்தில், ஓரம் நசுங்கி விற்பனைக்கு ஆகாமல் போன பன்களை எனக்கென்று பை நிறையக் கொண்டுவந்து போடுவார்.

“ஆலன்ல மக வீட்டுலேருந்து வரணும்ல, ஃப்ளைட் லேட்டா இருக்கும்” என்றார் ஆன்ட்டி. அப்பா வாசலைப் பார்த்தபடி தலையாட்டினார். ஆனால் அவருக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் ஒருவர் கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் அதுதான் பதில். பத்திரிகையைக் கையில் வாங்காவிட்டால், இந்தக் காரியத்துக்கு நான் உடன்படவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இந்த வழக்கத்தை நம்பித்தான் அப்பா பென்ஷனில் ஒரு பங்கைத் தொலைத்தார்.

அப்பாவின் பென்ஷன் அந்தத் தொழிற்சாலை மட்டும் தருவதல்ல. யூனியன் இருக்கிற பல ரொட்டிக் கம்பெனிகள் சேர்ந்து ஒரே நிதியில் பணம் போடும். ஓய்வு பெற்றவர்களுக்கு அதிலிருந்து மாதாமாதம் வரும். பள்ளிக்கூடம் போகாத அப்பா அதை எனக்கு ஒரு வரியில் விளக்கியிருந்தார். “சீட்டு மாதிரிதான்டா. நாலு பேரு பாதியில ஓடிட்டா மிச்சம் இருக்கறவன் தலையில விழும்.” அப்படியே விழுந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடின. இப்படியே போனால் நிதி காலியாகிவிடும் என்றார்கள். அந்த மாதிரி நிதிகள், ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் பென்ஷனையும் குறைக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது. குறைக்கும் முன் எல்லோரிடமும் ஓட்டுக் கேட்க வேண்டும்.

ஓட்டுச் சீட்டு தபாலில் வந்தபோது நான் கலிபோர்னியாவில் ஒரு கான்ட்ராக்ட் வேலையில் இருந்தேன். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். நிதி விஷயத்தைப் போனில் கேட்டால் அப்பா, “உனக்கெதுக்குடா இதெல்லாம், நீ ஆபீஸ் வேலையைப் பாரு” என்று சொல்லிவிட்டார். விடுமுறைக்கு ஜெர்சி சிட்டிக்கு வந்தபோதுதான் முருகன் படத்துக்குப் பின்னால் அந்தக் கவரைப் பார்த்தேன். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

“ஏம்பா பிரிக்கவே இல்ல?”

“எதுக்குப் பிரிக்கணும்? நம்ம காசை வெட்டறதுக்கு நம்மகிட்டயே பத்திரிகை வைக்கிறான். தொட்டா ஒத்துக்கிட்ட மாதிரி. யாரும் தொடாதீங்கன்னு உன் ஓவன் அங்கிளுக்கும் ஆன்ட்டிக்கும் சொல்லிட்டேன்.”

பிரித்துப் படித்தேன். குறைப்பை நிறுத்த வேண்டுமானால் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டாம் என்று ஓட்டுப் போட வேண்டும். திருப்பி அனுப்பாத சீட்டெல்லாம் சம்மதக் கணக்கில் சேரும். கடைசித் தேதி முந்தின வாரமே போய்விட்டது.

நான் தமிழில் சொன்னதும் அப்பா சிரித்தார். நான் தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தார். “பேசாம இருந்தா ஆமாவா? எந்த ஊர் நியாயம்டா இது? இன்னொருவாட்டி படி.” இன்னொரு தடவை படித்தேன். அன்று சாயங்காலம் ஓவன் அங்கிள் வந்தார். அவருக்கும் படித்தேன்.

“கல்யாணப் பொண்ணுகூட தலையையாவது ஆட்டணும்ணே,” என்றார் அங்கிள். “நாம அதுகூட ஆட்டலியே.” அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

அப்பாவுக்கு மாதம் ஐநூற்று இருபது டாலர் குறைந்தது. வாடகையை நான் ஏற்றுக்கொண்டேன். அங்கிளுக்கு இன்னும் அதிகம் போயிற்று. அவர் பென்ஷனை நம்பி வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்ட விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, ஆலனில் மகள் வீட்டு மாடியறைக்குப் போய்விட்டார். அவரிடம் போனில் நான், ஆயிரக்கணக்கான ஓட்டில் உங்கள் மூன்று பேர் ஓட்டால் எதுவும் மாறியிருக்காது என்று சொல்லிப் பார்த்தேன்.

“அது எனக்கும் தெரியும் தம்பி. ஆனா வேண்டாம்னு ஒரு கோடு போட்டிருப்பேன்ல? அதையும் போட விடலையே உங்கப்பா.”

அதன் பிறகுதான் என் கல்யாணம்.

கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் எங்கள் நிதிக்கு விமோசனம் வந்தது. வாஷிங்டனில் போட்ட இன்னொரு சட்டத்தின்படி, நொடித்துப்போன இப்படிப்பட்ட நிதிகளுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தது. ஓய்வு பெற்றவர்களிடம் வெட்டியதையெல்லாம் நிதி திருப்பித் தர வேண்டும். பென்ஷன் பழைய அளவுக்குத் திரும்பியது. மூன்றரை வருஷ பாக்கி ஒரே நாளில் அப்பாவின் கணக்கில் விழுந்தது. ஆன்ட்டி போன் பண்ணி அழுதார். அங்கிளுக்கும் வந்திருக்கும். ஆனால் அவருடைய வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். அதைத் திருப்பித் தர எந்தச் சட்டமும் இல்லை.

அப்பா செக் புத்தகத்தை என் முன்னால் வைத்தார். “வந்தது மொத்தத்தையும் அவன் பேர்ல எழுது.”

“அப்பா, அவருக்கும்தான் பாக்கி வந்திருக்கு. இது உங்க காசு.”

“எழுதுடா.”

அம்மாவைப் பார்த்தேன். அம்மா சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். எதுவும் சொல்லவில்லை. அதை அப்பா சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

செக் போய் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தினமும் காலையில் அப்பா என் போனில் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். பணம் அப்படியே இருக்கும். “வேணாங்கறானா, இல்ல இன்னும் கவரைப் பிரிக்கலையா?” என்பார். போன் பண்ணிக் கேட்கச் சொன்னால் மாட்டார்.

ஒரு வியாழக்கிழமை பணம் இல்லை. அங்கிள் எடுத்துக்கொண்டுவிட்டார். போன் வரவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை.

“வாங்கிக்கிட்டான்ல,” என்றார் அப்பா. “அப்போ சரின்னுதானே அர்த்தம்?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனை வாங்கி, பணம் போனதைக் காட்டும் வரியில் தனக்குப் படிக்கத் தெரிந்த எண்களை மட்டும் மெல்லப் படித்தார். இருபத்தோராயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்.