பிறை மீது ஒரு பிராது

செவ்வாய்க்கிழமை காலை. தேக்கா மார்க்கெட்டில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார்... நீங்க வெள்ளைக்காரங்களோட சண்டை போட்டீங்களாமே? நிலாவுக்காக?"

திரும்பிப் பார்த்தால் நம் பத்திரிகைப் பத்தியின் வாசகர் ஒருவர். பஃபலோ ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். சனி, ஞாயிறு நடந்த சங்கதி செவ்வாய்க்குள் சிராங்கூன் ரோடு முழுக்கப் பரவிவிட்டது! அதுவும் கை, கால், மூக்கு எல்லாம் முளைத்து. இன்னும் இரண்டு நாள் விட்டால் நான் யாரையோ அடித்தேன் என்றே சொல்லிவிடுவார்கள். அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

சண்டை இல்லை ஐயா. வழக்கு!

நம் ஊரில் விஞ்ஞானக் கதை ரசிகர் கூட்டம் ஒன்று இருக்கிறது. ராக்கெட், வேற்றுக் கிரகம், இயந்திர மனிதன்... இந்த மாதிரிக் கதைகள் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவர்களுக்கு. பாதிப் பேர் ராணுவக் குடியிருப்புகளில் இருக்கும் ஆங்கிலேயர்கள். மீதி, சீன ஆசிரியர்கள், யுரேஷியன் கிளார்க்குகள், பிராஸ் பாசா ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் தவம் கிடப்பவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரு வாடகை மண்டபத்தில் இரண்டு நாள் மாநாடு போடுவார்கள். இந்த வருஷத்தோடு நான் மூன்று மாநாடு பார்த்துவிட்டேன்.

முதல் மாநாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மாநாடு என்றால் நமக்கு என்ன தெரியும்? தலைவர், மாலை, வரவேற்புரை, நன்றியுரை! ஆளுயர ரோஜா மாலை ஒன்றைக் கட்டச் சொல்லி, வேட்டி சட்டையோடு டாக்சியில் போய் ஜம்மென்று இறங்கினேன். உள்ளே போனால்... அரைக்கால் சட்டை போட்ட பத்துப் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து பழைய பத்திரிகைகளை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"தலைவர் யாருங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படி ஒருவரை அவர்கள் வைத்துக்கொள்ளவே இல்லை. கொண்டுபோன மாலையைத் திருப்பிக் கொண்டுவருவதா? கதவருகே நின்றவர் கழுத்தில் போட்டுவிட்டேன். அவர் லிம், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியர். அன்றிலிருந்து அவர்தான் தலைவர்! மாலை விழுந்துவிட்டதே, வேறு என்ன செய்வார்?

இரண்டாவது வருஷம் ஒருவர் என்னிடம் கேட்டார். "உங்கள் பாஷையில் இந்தக் கதைகள் எல்லாம் எழுத வருமா?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது. தமிழில் எழுத வருமாவா? நான் எட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேனே! "அடுத்த வருஷம் ஒன்று கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொண்டுபோனேன்.

கதை இதுதான். காத்தோங்கில் பிறந்த வேலு என்ற வாலிபன் நிலாவுக்குப் போகும் முதல் ராக்கெட்டை ஓட்டப் போகிறான். கிளம்புகிற நாள் சாயங்காலம் கடற்கரையில் நின்று மேற்கே பார்க்கிறான். பிறை தெரிகிறது. சம்பான் படகு மாதிரி மல்லாந்து கிடக்கிறது. 'இன்னும் சில நாளில் அந்தப் படகில் நான்' என்று நினைத்துக்கொள்கிறான். அங்கே ஆரம்பிக்கிற கதை.

நண்பர் செல்லையா அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சிலோன் ரோட்டில் வீடு, கப்பல் கம்பெனியில் தலைமைக் கிளார்க். ஒரு கமா தவறினாலும் தூக்கம் வராது மனிதருக்கு. மூன்று தடவை திருத்தி எழுதிவிட்டு, "உம்மட கதையில இனி ஒருத்தனும் ஒரு பிழை பிடிக்கேலாது, பயப்படாதையும்" என்றார்.

பிழை என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாநாட்டில் ஒரு வழக்கம். சனிக்கிழமை கதைகளைப் படிப்பார்கள். படித்து முடித்ததும் யார் வேண்டுமானாலும் கையைத் தூக்கி, "இதில் விஞ்ஞானப் பிழை இருக்கிறது" என்று பிராது கொடுக்கலாம். பிழை நிரூபணம் ஆனால் கதை அம்பேல்! மாநாட்டு மலரில் வராது. பிராது பொய்யானால், கொடுத்தவரே அந்தக் கதையை ஸ்டென்சில் மெழுகுத்தாளில் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலர் சுடச்சுட ரோனியோ நகல் மெஷினில் ஓடிவிடும். பிரதிகள் லண்டனுக்கும் சிட்னிக்கும்கூடப் போகும்.

அந்த மலரில் இதுவரை ஒரு தமிழ்க் கதை வந்ததில்லை. புரிகிறதா... நான் ஏன் முதல் நாளே கதையை எடுத்து வரிவரியாகச் சரிபார்த்தேன் என்று?

சனிக்கிழமை என் மனைவியும் கூட வந்தாள். "போன வருஷம் ரெண்டு நாளும் வெறும் பிஸ்கட்டுன்னு சொன்னீங்கல்ல?" என்று ஒரு தூக்கு நிறைய உளுந்து வடையோடு. அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் நான் எழுதுகிற கதைகளுக்கு முதல் வாசகி அவள்தான்.

சாயங்காலம் ஐந்தரைக்குச் செல்லையா கதையைப் படித்தார். கணீரென்ற குரல். மண்டபம் அசையாமல் கேட்டது. முடித்ததும் கைதட்டல். என் உச்சி குளிர்ந்தது.

ஒரு கை மட்டும் தட்டவில்லை. மேலே தூக்கியிருந்தது.

பார்க்கர். விமான மெக்கானிக். கூட்டத்திலேயே அதிகம் படித்தவர் என்று பெயர். வியாழனுக்கு எத்தனை நிலா என்று தூக்கத்தில் கேட்டாலும் பெயரோடு ஒப்பிப்பார்.

"கதை நன்றாக இருக்கிறது. ஆனால் பிறை எப்படி ஐயா மல்லாந்து கிடக்கும்? பிறை நிற்கும். கொஞ்சம் சாயும். படகு மாதிரிப் படுக்காது" என்றார். கையோடு கொண்டுவந்திருந்த லண்டன் வானநூலைப் பிரித்துக் காட்டினார். படத்தில் பிறை நிமிர்ந்துதான் நின்றது.

செல்லையா என்னைப் பார்த்தார். நான் செல்லையாவைப் பார்த்தேன்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது! சின்ன வயதிலிருந்து பார்த்த பிறை. ஆனால் படித்த அத்தனை பத்திரிகை அட்டையிலும் நின்ற பிறை. எது சரி? 'மன்னிக்கவும், திருத்திக்கொள்கிறேன்' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சே! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"ஏங்க, என்னவாம்?" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள் மனைவி.

சொன்னேன்.

அவள் சிரித்தாளே ஒரு சிரிப்பு! மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"இவ்ளோதானா? இன்னிக்கு மூணாம் பிறைங்க. மாசா மாசம் பாத்துக் கும்பிடுறேன், எனக்குத் தெரியாதா அது எப்படி இருக்கும்னு? புத்தகத்தை மூடிட்டு வெளியில வரச் சொல்லுங்க லா!"

செல்லையா இதை அப்படியே மொழிபெயர்த்தார். வாக்கியக் கடைசியில் ஒட்டுகிற நம் ஊர் 'லா' உட்பட. லிம் மேசையைத் தட்டினார். "நீதிமன்றம் வெளியே போகிறது!"

மண்டபத்துக்குப் பின்னால் புல்தரை. மணி ஆறே முக்கால். சூரியன் விழுந்தாகிவிட்டது. முப்பது பேரும் மேற்கே பார்த்து நிற்கிறோம்... மேகம்! கருகருவென்று ஒரு மேகம், சரியாக அந்த இடத்தில்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பார்க்கர் கடிகாரத்தைப் பார்த்தார். யாரோ டீ ஆறுகிறது என்றார்கள். இரண்டு பேர் உள்ளே போயே விட்டார்கள். கதை போச்சு என்று நினைத்தேன். கதை போனால்கூடப் பரவாயில்லை, இவளை இத்தனை பேர் முன்னால் நிறுத்திவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. அவளோ அசையவில்லை. "கொஞ்சம் பொறுங்கண்ணே, வரும்" என்று செல்லையாவுக்கு வேறு தைரியம் சொன்னாள். அவர்தான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

மேகம் நகர்ந்தது.

மல்லாந்து கிடந்தது ஐயா! இரண்டு முனையும் மேலே தூக்க, நடுவயிறு கீழே இறங்க, சாட்சாத் படகு. வேலு பார்த்த அதே பிறை.

என் மனைவி கை கூப்பிக் கும்பிட்டுவிட்டு, தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் கும்பிடுவதைப் பார்த்துப் பார்க்கர் தொப்பியைக் கழற்றினார்.

"நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது" என்றார் மெதுவாக.

லிம் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படம் போட்டு விளக்கினார். நம் ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்குகிறது. அதனால் கீழிருந்து வெளிச்சம் பட்டு, பிறையும் மல்லாந்து தெரிகிறது. இங்கிலாந்தில் சூரியன் சாய்வாக இறங்கும், பிறையும் நிற்கும். இரண்டும் சரி. ஆனால் காத்தோங் கடற்கரையில் நிற்பவனுக்குக் காத்தோங் பிறைதானே தெரியும்?

"பிராது தள்ளுபடி!" என்றார் லிம். அப்புறம் வடைத் தூக்கு காலியாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

எனக்கு ஆச்சரியம் பார்க்கர் மீது இல்லை. எல்லோர் மீதும்தான், என்னையும் சேர்த்து. செவ்வாய் மண்டலத்துக் கால்வாயைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். தலைக்கு மேலே இருப்பதை நிமிர்ந்து பார்க்க மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அதற்கும் வடை கொண்டுவந்த ஒருத்தி வேண்டியிருந்தது!

பார்க்கர் நல்ல மனிதர். சொன்ன சொல் தவறவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து முழுக் கதையையும் ஸ்டென்சிலில் அடித்தார். தலைப்பு தமிழிலும் இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். நான் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து, எழுத்தாணியால் ஸ்டென்சில்மேல் ஒவ்வொரு எழுத்தாகக் கீறினார். 'பிறை'யின் 'றை' போடும்போது மட்டும் நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு ஸ்டென்சில் கிழிந்தே போயிற்று. விடவில்லை மனிதர், இன்னொன்று எடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் என்ன... எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த எழுத்து லண்டனுக்குப் போகப் போகிறது!

ஞாயிறு மத்தியானம் மலர் கைக்கு வந்தது. மை காயவில்லை. என் கதையின் கடைசிப் பக்கத்தில் பார்க்கர் தானாகவே ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருந்தார். 'இக்கதையில் பிறை படகுபோல் கிடப்பது முற்றிலும் சரி. நானே கண்ணால் பார்த்தேன்.'

செல்லையா அதை ஐந்து தடவை படித்துவிட்டு, "ஒரு பிழையும் இல்லை!" என்று குழந்தை மாதிரிச் சிரித்தார். நான் வீட்டுக்கு ஓடிவந்து மனைவிக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். காலரைத் தூக்கி விட்டுக்கொண்டுதான்.

அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"பாத்தது அந்த வெள்ளைக்காரரு. எழுதினது நீங்க. இங்கிலீஷ்ல பேத்தது செல்லையாண்ணே. தீர்ப்பு சொன்னது அந்த சீன வாத்தியாரு. எல்லார் பேரும் அதுல இருக்கு... காட்டினது யாருன்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

மலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. மலர் இருக்கட்டும்... இத்தனை வருஷமாக இந்தப் பத்தியில் 'என் மனைவி, என் மனைவி' என்று எழுதுகிறேனே, நான்தான் எங்காவது போட்டிருக்கிறேனா?

ஆகவே, லண்டன், சிட்னி, சிராங்கூன் ரோடு வாசகர்கள் அனைவருக்கும் ஒரு திருத்தம்: அன்றைக்குப் பிறையைக் காட்டியவர் பெயர் பார்வதி.