சந்தனம் வைத்த சாவி

மகள் கொழும்பிலிருந்து வந்தபோது ஒரு சின்னக் கறுப்புச் சாவி கொண்டு வந்தாள். கட்டை விரல் அகலந்தான் இருக்கும், பல் கிடையாது. லெப்டொப்பில் செருகி விரலால் தொட்டால்தான் இனி என் மெயில் திறக்குமாம். எங்கள் வீட்டில் எந்தச் சாவி புதிதாக வந்தாலும் அம்மன் படத்துக்கு முன் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுத்தான் எடுப்போம். இதற்கும் அப்படியே செய்தேன். மறுநாள் அது வேலை செய்யவில்லை. "பொட்டு வைக்க வேற எடமே கெடைக்கலையாம்மா? செருகுற வாய்லயே அப்பி வச்சிருக்கீங்க!" என்று மகள் சிரித்துக்கொண்டே பஞ்சால் துடைத்தாள். "இனிமே எவன் போன்ல நம்பர் கேட்டாலும் நீங்க சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்களே நேர்ல இருந்து தொடணும்."

எனக்குக் கடை நானாவின் ஞாபகம் வந்துவிட்டது.

நானா, முஸ்லிம் அண்ணன்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே பொகவந்தலாவை பஜாரில் போன் கடை வைத்திருந்தவர். ஞாயிறுகளில் அவர் கடை கம்பியூட்டரில்தான் நாங்கள் மெயில் பார்ப்போம். பாஸ்வேட் மட்டும் போதாது, போனுக்கு வரும் ஆறு எண்களும் வேண்டும் என்று ஆனபோது, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் இல்லாத நாங்கள், கொழுந்து பறிக்கிற பெண்கள் பாதிப்பேர், அவருடைய போன் நம்பரையே கொடுத்துவிட்டோம். எங்கள் பூட்டெல்லாம் ஒரே மனிதர் கையில். ஆனால் போனில் கேட்டால் சொல்லவே மாட்டார். "முகத்தக் கண்டாத்தான் தருவன் தங்கச்சி." "எங்க மொகத்தப் பாக்க நானாவுக்கு இப்படி ஒரு சாக்கு!" என்று பெண்கள் சீண்டுவார்கள். அவர் "அஸ்தஃபிருல்லா" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உரியவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி உள்ளங்கையால் மறைத்துப் போனைக் காட்டுவார்.

என் மெயிலில் இருந்தது என் வீட்டுக்காரரின் குரல். வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் முருகன் மேல் ஒரு பாட்டைப் பாடி அனுப்புவார். சுருதி சேராது. திரும்பி வந்த மறு வருடமே நெஞ்சு வலியில் போய்விட்டார். அந்தப் பாட்டுகள் வேறு எங்கும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் மேட்டில் நின்றபோது, அங்கே மட்டும் சிக்னல் வரும், ஒருவன் கூப்பிட்டான். நல்ல தமிழ். மெயில் கம்பெனியிலிருந்து பேசுவதாகச் சொன்னான். உங்கள் மெயிலை இன்றே மூடப் போகிறோம், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், இப்போது வந்த நம்பரைச் சொன்னால் காப்பாற்றலாம் என்றான். உடனே நானாவைக் கூப்பிட்டேன்.

"நம்பர் வந்திருக்கு. எறங்கி வாங்க, காட்டுறன்."

"அதுக்குள்ள அழிஞ்சிரும் நானா! ஒங்களுக்கு என்னா இவ்வளவு வீம்பு? எம் புருசன் கொரல நீங்களா திருப்பித் தருவீங்க?"

"வாங்க. பிளேன்டீ ஊத்தி வைக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் இறங்கினேன். முருகா, அந்த மனுசனை நீயே கேள் என்று சாபம்கூட விட்டேன். கடையில் நுழைந்ததும் அவர் கேட்டார்: "இப்ப மெயில் தொறந்தது நீங்களா?"

"இல்ல."

"அப்ப ஒங்கட பாஸ்வேட்ட போட்டது யாரு? அதப் போட்டாத்தானே நம்பர் வரும். நம்பர் மட்டுந்தான் அவனுக்குக் கெடைக்கல."

கம்பியூட்டர் முன் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்று பாஸ்வேட்டை மாற்ற வைத்தார். பிறகு அவரே ஒரு பாட்டைப் போட்டுவிட்டார். "மச்சானுக்குச் சுருதி கொஞ்சம் கம்மிதான்" என்றார். அழுகைக்கு நடுவே சிரித்தேன். பிளேன்டீ ஆறிப்போயிருந்தது. சாபத்தை அவரிடம் சொல்லவே இல்லை. கோயிலில் மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

நானா மௌத்தாகி, கண்ணை மூடி, இரண்டு வருடம் ஆகிறது. நோய் முற்றிப் படுக்கும் முன் எல்லாரையும் கூப்பிட்டு, அவரவர் நம்பருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இப்போது லயத்துக்கும் சிக்னல் வந்துவிட்டது. எவனும் என்னைக் கூப்பிடலாம். கேட்டதைச் சொல்லாமல் பிடித்து வைக்க நானா இல்லை. அதனால்தான் மகள் சாவி கொண்டு வந்தாள்.

எவ்வளவு துடைத்தும் அதன் ஓரத்தில் சந்தனத்தின் மஞ்சள் போகவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு, மகள் விட்டுப்போன பழைய லெப்டொப்பில் அதைச் செருகுகிறேன். சின்ன வெளிச்சம் மினுங்கி மினுங்கி என் விரலுக்காகக் காத்திருக்கிறது.

"வந்துட்டேன் நானா" என்று தொடுகிறேன். சுருதி சேராத பாட்டு ஆரம்பிக்கிறது.