துணியின் மறுபக்கம்

ஜெயந்தினி மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே தையல் மெஷின் மிதிக்கப் பழகியவள். சண்டை முடிந்து சொந்த ஊரான வங்காலைக்குத் திரும்பிய கையோடு ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள். அங்கே அவளுக்குத் தந்த வேலை சட்டைக்குக் கை பொருத்துவது. வருடக்கணக்காக அதைத்தான் செய்தாள். எத்தனையோ ஆயிரம் கைகளைப் பொருத்தியவள், ஒரு முழுச் சட்டையைத் தானே வெட்டித் தைத்ததில்லை.

நாற்பத்தேழு வயதில் இடது மார்பில் கட்டி வந்தது. கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து மார்பை எடுத்துவிட்டார்கள். மருந்து ஏற்றியதில் கொட்டுண்ட தலைமயிர் திரும்ப முளைத்தது, உடம்பிலும் தெம்பு வந்தது. உடுப்புத்தான் ஒன்றும் சரிவரவில்லை. ஒருநாள் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு பூசைக்குப் போனாள். நற்கருணை வாங்க எழும்பி நின்ற நேரம் அது நழுவி வயிற்றுக்கு இறங்கிவிட்டது. யாராவது கண்டார்களோ தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கணவன் றொபேட்டின் சேட்டுகள்தான் அவளுக்கு உடுப்பு. கோயில் பக்கமே போகவில்லை. றொபேட் கடலுக்குப் போகிறவன், அதிகம் கதைக்கமாட்டான். இடது கையை உயர்த்த அவள் கஷ்டப்படுவதைக் கண்டு, தன் நல்ல சேட்டுகளை அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்தான்.

போன வருடம் மடு மாதா கோயில் திருவிழாவுக்கென்று றொபேட்டின் தங்கை விஜிதா நோர்வேயில் இருந்து வந்தாள். மச்சாளுக்கு அவள் கொண்டுவந்தது மயில் நீலத்தில் மினுங்கும் ஒரு துணி. தொட்டால் தண்ணீர் மாதிரி வழுகியது. கூடவே ஒரு கடதாசி உறை. உறையின் மேலே சட்டை போட்ட பெண்ணொருத்தியின் படம், உள்ளே மெல்லிய தாளில் அந்தச் சட்டையின் ஒவ்வொரு துண்டும் அளவோடு அச்சடித்திருந்தது. தாளைத் துணியில் வைத்து வெட்டித் தைக்க வேண்டியதுதான். இடப்பக்கத்தில் பஞ்சு வைத்த உள்ளாடையும் அங்கே கிடைக்கும், அனுப்பிவிடுகிறேன் என்று விஜிதா சொன்னாள்.

"வேண்டாம் விஜிதா," என்றாள் ஜெயந்தினி. "இல்லாததை இருக்கிற மாதிரிக் காட்டி எனக்குக் களைச்சுப்போச்சு. இப்ப இருக்கிற உடம்புக்கு அளவா ஒரு சட்டை இருந்தால் காணும்."

முதலில் பழைய படுக்கை விரிப்பொன்றை அந்த அச்சின்படியே வெட்டித் தைத்துப் பார்த்தாள். வலப்பக்கம் அழகாக இருந்தது. இடப்பக்கம் வெறும் பை மாதிரித் தொங்கியது. அச்சடித்தவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதனால் முன்பக்கத்துக்குப் பாதித் தாள்தான் தந்திருந்தார்கள், துணியை மடித்து வெட்டச் சொல்லி. அவள் அதைப் பழைய பேப்பரில் முழுதாக வரைந்தாள். இடப்பக்கத்தில் மார்புக்கு இடம்விடப் பிடிக்கும் மடிப்பை எடுத்துவிட்டு, கைக்குழியை ஒடுக்கி, பக்கத் தையலை நேராக்கினாள். அதற்கே இரண்டு மூன்று நாள் போனது.

பிறகு நீலத் துணியை மினுங்கும் பக்கம் மேலே வர மேசையில் விரித்து, பேப்பரைக் குண்டூசியால் குத்தி வெட்டினாள். கத்தரிக்கோல் நல்லாய்த்தான் ஓடியது. வெட்டிய துண்டை மினுங்கும் பக்கம் வெளியே தெரிய நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். ஒடுக்கிய பக்கம் வலது மார்பில் வந்து நின்றது. மேசையில் தன் இடது கைப்பக்கம் இருந்ததையே உடம்பின் இடப்பக்கம் என்று நினைத்து வரைந்துவிட்டாள். எதிரே நின்று பார்க்கிறவரின் இடது, சட்டை போட்டவருக்கு வலது அல்லவா.

மிச்சமாய்க் கிடந்தது கைகளுக்கும் முதுகுக்கும் மட்டும் போதுமான துணி. இன்னொரு முன்பக்கம் வெட்ட வழியில்லை. ஜெயந்தினி கதிரையில் குந்தியிருந்து அழுதாள். சத்திரசிகிச்சை முடிந்த நாள்கூட அவள் அப்படி அழவில்லை. கடலுக்குப் போய் வந்த றொபேட் பயந்து போனான்.

"நோகுதோ?"

"இல்லை. துணியைப் பிழையா வெட்டிப்போட்டன்."

றொபேட் அடுப்படிக்குப் போனான். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றான்.

அழுது முடிந்து, துண்டைச் சுருட்டி வைப்போம் என்று எடுத்தபோது அது கையில் வழுகி மறுபக்கமாய்ப் புரண்டது. அந்தப் பக்கத்தை அதுவரை அவள் கவனிக்கவேயில்லை. மினுக்கம் இல்லாமல், கொஞ்சம் சாம்பல் கலந்த நீலம், விடியக் காலமைக் கடல் மாதிரி. நூல் ஒன்றும் பிசிறவில்லை. அப்படியே நெஞ்சில் வைத்தாள். ஒடுக்கிய பக்கம் இடப்பக்கத்தில் வந்து படிந்தது.

"இதை வெளியால விட்டுத் தைச்சால் என்ன?" என்று றொபேட்டைக் கேட்டாள்.

"எனக்கு இதுதான் வடிவாயிருக்கு," என்றான்.

முதுகையும் கைகளையும் வெட்டி, எல்லாவற்றையும் மறுபக்கம் வெளியே தெரியத் தைத்தாள். கழுத்தை இரண்டுதரம் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. கை பொருத்தும் இடம் வந்தபோது மட்டும் யோசிக்கவே இல்லை. மெஷின் தானாய் ஓடினது போல இருந்தது.

மடுவுக்குப் புறப்படும் அன்று சட்டையைப் போட்டு, கறுப்புப் பாவாடையோடு வெளியே வந்தாள். இடப்பக்கம் தட்டையாக இருந்தது. ஆனால் எங்கும் சுருக்கமில்லை, தொங்கலில்லை. விஜிதா கிட்ட வந்து பார்த்தாள்.

"நான் கொண்டுவந்தது மினுங்குற துணியெல்லோ?"

"மினுக்கம் உள்ளுக்கு இருக்கு," என்றாள் ஜெயந்தினி. "தோலுக்கு அது நல்ல சுகமாயிருக்கு."

மடுவில் இவர்கள் தங்க அடித்த கூடாரத்துக்குப் பக்கத்தில் நானாட்டானில் இருந்து வந்த குடும்பம் ஒன்று இறங்கியிருந்தது. அதில் ஒரு பெண் ஜெயந்தினியின் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். தானே தைத்ததாகச் சொன்னாள் ஜெயந்தினி. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இடப்பக்கத்தை ஏன் அப்படி வெட்டினாள், கட்டி எப்படி வந்தது, ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாம் சொன்னாள்.  அந்தப் பெண் பாயில் தள்ளி இருந்து இவளுக்கு இடம் விட்டாள். மாதாவின் சுரூபப் பவனிக்கு மணி அடிக்கும் மட்டும் இருவரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.