சும்மா நின்ற சின்னம்மா

"கொழுந்து எடுக்கிறவ மக படம் எடுக்கப் போறாளாம்!" என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிரித்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். கொழும்பில் சினிமா படித்துக்கொண்டிருந்தேன். அந்த வீம்பில், எந்தப் படக் கம்பனியின் உதவியும் இல்லாமல், இரவல் கமராவில் எங்கள் லுணுகலைத் தேயிலைத் தோட்டத்தையே படமாக்கினேன். பெரிய படங்களைப் போல விறுவிறுப்பாக இருக்க வேண்டுமென்று, சும்மா நிற்பவர்களையெல்லாம் வெட்டினேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடச் சுவரில் படம் ஓடியபோது, அம்மாவின் தங்கை அதற்குள் ஒரேயடியாக இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தார். அவரைப் பார்க்கத்தான் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஒஞ் சின்னம்மாவ எங்கடி காணோம்?"

"கொழுந்து எடுக்கிறப்ப குனிஞ்சே இருந்தாங்க, மொகம் தெரியல. சாயந்தரம் கூடையோட கொழுந்து நிறுவைக்குச் சும்மா நின்னது மட்டுந்தான் இருந்துச்சு. வெட்டிட்டேம்மா."

"சும்மாவா? நாள் பூரா அப்பத்தானே நாங்க தல நிமிந்து ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்குறோம்."

அம்மா வெறும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எதை வெட்டக்கூடாது என்று எனக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.

கொழும்பு திரும்பியதும் வெட்டிய துண்டுகளைக் கிளறினேன். கூடையோடு வரிசையில் நிற்கும் சின்னம்மா முந்தானையைச் சரிசெய்கிறார். பிறகு பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒரு பிரேம்கூடக் குறைக்காமல் அதைப் படத்தில் ஒட்டிவிட்டேன்.