சுத்திக் கொண்டுபோன ஒயர்

பூமாலையை நான் முதலில் பார்த்தது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில், 1988 ஆவணியில். திருச்சி பஸ்ஸிலிருந்து இறங்கினார். கழுத்தில் டை, தோளில் பெரிய ஒயர் சுருள், வெயிலில் முகமெல்லாம் வேர்வை. ஆள் தேடி நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மண்டியிலேருந்து வரீங்களா? நாந்தான் பூமாலை. பேரை வச்சுப் பொம்பள இன்ஜினியரைத் தேடிக்கிட்டு நின்னுடாதீங்க."

அவர் எங்கள் மண்டிக்குக் கம்ப்யூட்டர் வைக்க வந்தவர். சிங்காரவேலுவின் பருத்தி மண்டியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். பி.காம். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் அறிமுகமானதில்லை. பூமாலைக்கும் சொன்னேன். "அப்படியா, நான் டிப்ளமோ. எங்க தெருவுல டை கட்டுன மொத ஆளு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கம்பெனி அவரைத் தனியாக அனுப்பிய முதல் வேலை இது. எங்கள் முதலாளி திருச்சிக்குப் போன் போட்டு 'நல்லா செஞ்சாரு' என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு. அம்மா ஆண்டாயி வெங்காயக் காட்டில் களை வெட்டிப் படிக்க வைத்தவர். மகன் இன்ஜினியர் என்று காட்டுக்காரர்களிடம் எல்லாம் இப்போதே சொல்லிவிட்டாராம்.

மண்டி என்பது முதலாளி வீட்டின் முன்னறைதான். நடுவில் வீடு. வீட்டுக்குப் பின்னால் பருத்தி எடை போடும் கொட்டகை. முன்னறையில் கம்ப்யூட்டர், கொட்டகையில் அதோடு ஒயரில் சேர்ந்த இன்னொரு திரையும் கீபோர்டும். அங்கே எடையை அடித்தால் இங்கே கணக்கில் வந்து விழ வேண்டும். இதுதான் வேலை.

முதல் நாள் முதலாளியே "வாங்க சார்" என்று பூமாலையை உள்ளே கூட்டிப்போனார். முன்னறையிலிருந்து நடுக்கூடம், சமையலறை ஓரம், பின்கதவு, கொட்டகை. நேர் வழி. பூமாலை டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு வந்து, "நாப்பது அடிதான், அருமையா வரும்" என்றார். பிறகு மெதுவாக என்னிடம், "உள்ள செவப்புத் தரைங்க. எண்ணெ போட்டுத் தொடச்ச மாதிரி வழுக்குது" என்றார்.

இரண்டு வருஷமாக நான் அந்த முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். நடுக்கூடத்துத் தரை சிவப்பு என்பது அன்றைக்குப் பூமாலை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மதியம் முதலாளியின் மனைவி கலியம்மாள் எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"அரும்பாவூருங்க."

"அட, நம்ம பக்கந்தான். எங்க சின்ன மாமியாரு ஊரு அது. அங்க எந்தத் தெரு?"

இந்தக் கேள்விக்கு எங்களைப் போன்றவர்கள் ஒரு பதில் வைத்திருப்போம். 'பஸ் நிக்கிற எடத்துக்குப் பக்கத்துலங்க' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். பூமாலை காபியை ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து, "காலனிங்க. ஆண்டாயி மவன்" என்றார். அம்மா பேரைச் சொன்னதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

கலியம்மாள் "ஓ" என்றார். டம்ளரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டவில்லை. "அங்கேயே வைங்க" என்றார்.

மறுநாள் காலையில் நடுக்கதவு சாத்தியிருந்தது. முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டு சொன்னார்: "தம்பி, ஒயரை வூட்டுக்குள்ள இழுக்க வேணாம். வெளியால சுத்திக் கொண்டு போயிடுங்க."

"நேத்து நீங்கதானங்க வழி காட்டுனீங்க?"

"பொம்பளைங்க பொழங்குற எடம்."

"நேத்தும் பொழங்குனாங்களே."

முதலாளி வெற்றிலையைத் துப்ப வாசலுக்குப் போனார். நேற்று 'சார்' ஆக இருந்த பூமாலை இன்று 'தம்பி' ஆகியிருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம். கோபமில்லை, திட்டில்லை. யாரும் எதையும் சொன்னதாக ஒருவரும் சாட்சி சொல்ல முடியாது.

பூமாலை விளக்கிப் பார்த்தார். இந்த ஒயர் ஐம்பது அடிக்கு மேல் போனால் நம்பிக்கையில்லை. சுற்றிப் போனால் காம்பவுண்டுச் சுவர், மாட்டுக் கொட்டகை, கிணற்று மோட்டார் எல்லாம் தாண்டி மூன்று மடங்கு ஆகிவிடும். மோட்டார் ஓடும்போது எழுத்து கெட்டுப்போகும். திருச்சிக்குப் போன் போட்டுக் கேட்டார். "கஸ்டமர் சொல்ற மாதிரி செய்யுப்பா" என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

சுற்றித்தான் இழுத்தார். அடிக்கிற எழுத்து ஒவ்வொன்றாக நகர்ந்து வரும்படி வேகத்தைக் குறைத்து வைத்தார். வந்தது. கொட்டகையில் எடை போடும் நல்லுசாமி கை தட்டினார். பிறகு யாரோ கிணற்று மோட்டாரைப் போட்டார்கள்.

"பூமாலை சாரே, எம்பேரை அடிச்சா கோழி கெளறுன மாதிரி வருது!" என்று நல்லுசாமி கொட்டகையிலிருந்து கத்தினார். என் திரையிலும் கேள்விக்குறியும் புள்ளியுமாக விழுந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தினால் சரியாகும், போட்டால் கெடும். மாட்டுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று உள்ளேயிருந்து கலியம்மாளின் குரல் வந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "இது என்னய்யா வேலை? படிச்சுட்டுத்தான் வந்தியா, இல்ல சலுகையில சேத்துக்கிட்டானுங்களா?"

பூமாலை கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "ஐயா, ஒயருக்குத் தெருவெல்லாம் தெரியாதுங்க. தூரந்தான் தெரியும். கதவைத் தொறந்து விடுங்க, அரை மணி நேரத்துல முடிச்சுக் காட்டுறேன்."

முன்னறையில் பருத்தி விற்க வந்திருந்த நாலு பேர் அதைக் கேட்டார்கள். ஒருவர் குனிந்து சிரிப்பை அடக்கினார். அதுதான் வினை. முதலாளி அவர்கள் எதிரிலேயே திருச்சிக்குப் போன் போட்டார். "ஆளு தெரிஞ்சு அனுப்புங்க. வேலையும் தெரியல, வாய்க்கொழுப்பு வேற." பூமாலை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வேறொருவர் வந்தார்.

"எந்த ஊரு சார்?" என்று முதலாளி கேட்டார்.

"திருச்சிங்க. உறையூர்."

உறையூரில் எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தப் பதிலை வைத்து என்ன முடிவு செய்வதென்று இவர்களுக்குத் தெரிந்திருக்காது. நடுக்கதவு திறந்தது. பூமாலை அளந்த அதே வழியில், சிவப்புத் தரையின் ஓரமாக ஒயர் போனது. மோட்டார் ஓடும்போதும் நல்லுசாமியின் பேர் முழுசாக வந்து விழுந்தது. உறையூர்க்காரரை உள்ளே உட்கார வைத்து இலை போட்டார்கள். "படிச்சவன்னா இப்படி இருக்கணும்" என்று முதலாளி என்னைப் பார்த்துச் சொன்னார். நான் முன்னறையிலேயே உட்கார்ந்து, வந்து விழுந்த எடைகளைச் சரிபார்த்தேன்.

கம்பெனி பூமாலையை அந்த மாசமே நிறுத்திவிட்டது. தீபாவளிவரை அவர் ஊருக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அம்மாவிடம் வேலை இருக்கிற மாதிரியே கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். வேறு இரண்டு கம்பெனிகளில் கேட்டிருக்கிறார். அங்கேயும் பழைய கம்பெனிக்குத்தான் போன் போட்டு விசாரித்தார்கள்.

பூமாலை இப்போது வேப்பந்தட்டையில் ஒரு வாடகைக் கடையில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கம்ப்யூட்டர் வேலைக்கு அவர் திரும்பப் போகவில்லை.