கார்பன் பானெட்டும் ஒரு கேள்வியும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அமரவிளை செக்போஸ்ட்டில் என் காரை நிறுத்தினார்கள்.

நான் அரிசி கடத்தவில்லை. சாராயம் கடத்தவில்லை. நெய்யாற்றின்கரை ஆபீஸுக்குப் போகிற, டிபன் பாத்திரம் ஒன்றைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத அப்பாவி. ஆனாலும் நிறுத்தினார்கள். ஏனென்றால் என் காருக்கு பானெட் இல்லை. எஞ்சின், பாட்டரி, ரேடியேட்டர் எல்லாம் ஊர் பார்க்கக் கிடந்தன. மழைக்காக மேலே ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். அதிலும் ஒரு மூலை சூட்டில் உருகிப் போயிருந்தது.

காவலர் ஷீட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"சாறே, இதுக்க மூடி எங்கே?"

"ஒர்க்‌ஷாப்பில உண்டு."

"வண்டி இங்கே, மூடி அங்கேயா?"

விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன தோன்றியதோ, போகச் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயதில் ஒருவன் இப்படியும் இரக்கம் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது...

கதை ஜூன் மாதம் தொடங்கியது.

என் அக்காவின் கணவர் செல்வராஜ் அத்தான். பதினாறு வருஷமாக ஷார்ஜாவில் இருந்தார். கார்களுக்கு அலங்காரம் செய்கிற கடையில் வேலை. ஸ்டீரியோ, சீட் கவர், பின்னால் துருத்திக்கொண்டு நிற்கிற இறக்கை — இந்த வகையறா. ஜூனில் லீவுக்கு வந்தார். மற்றவர்கள் வந்தால் மச்சினனுக்கு என்ன கொண்டுவருவார்கள்? டார்ச் லைட், சோப்பு, பூப்போட்ட கம்பளி. அத்தான் எனக்கு ஒரு பானெட் கொண்டுவந்தார். இரண்டு கம்பளியில் சுற்றி, ஜீப்பின் மேல் வைத்து, விமான நிலையத்திலிருந்து மழையில் நனையாமல் கொண்டுவந்து இறக்கினார்.

சாதாரண பானெட் இல்லை. கார்பன் ஃபைபர் பானெட்.

அதென்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ரேஸ் கார்களுக்குப் போடுவார்களாம். கறுப்பு இழைகளைப் பாய் மாதிரிக் கட்டம் கட்டமாக நெய்து, பசை ஊற்றி இறுக்கி, மேலே கண்ணாடிப் பளபளப்புக் கொடுத்திருந்தார்கள். அக்கா ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "எனக்க முறம் இதவிடக் கனம் உண்டு" என்றாள்.

"கனம் கொறஞ்சாதான் வண்டிக்கு வேகம், மக்கா" என்று அத்தான் என் பக்கம் திரும்பிச் சொன்னார். "முன்பக்கம் லேசாச்செண்ணா நீ பறக்கலாமாக்கும்."

என் காருக்குப் பதின்மூன்று வயது. ஜப்பான்காரன் அச்சில் நம் ஊரில் செய்த சின்னக் கார், வெள்ளை. லேசான ஏற்றத்திலேயே செகண்ட் கியரில் இருமும். அது பறந்து எங்கே போகப் போகிறது? ஆனால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அக்கா கணவர், கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். சரி என்றேன். வாழ்க்கையில் என் பாதி உபத்திரவங்கள் இந்தச் 'சரி'யில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

அமரவிளையில் ரோட்டோரம் தங்கப்பன் அண்ணன் ஒர்க்‌ஷாப். இரும்புத் தகடு எதுவானாலும் அவர் சுத்தியலுக்குப் பணியும். பழைய பானெட்டைக் கழற்றினார், புதியதை வைத்தார். உட்காரவில்லை. அதே ஜாதிக் கார்தான், ஆனால் வேறு வருஷத்து மாடலுக்குச் செய்தது. கீல் மாட்டும் ஓட்டைகள் ஒரு விரல் தள்ளி இருந்தன. ஒரு பக்கம் இடித்தது, மறுபக்கம் வாய் பிளந்தது.

"கொஞ்சம் தட்டி எடுத்தா செரியாவும்" என்று தங்கப்பன் அண்ணன் சுத்தியலை ஓங்கினார்.

"அய்யோ, தட்டப்பிடாது!" அத்தான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "இது தகடில்ல. தட்டினா ஒடிஞ்சு போவும்."

சுத்தியலைக் கீழே வைக்கச் சொன்னால் தங்கப்பன் அண்ணனுக்குப் பாதி உயிர் போன மாதிரி. பிறகு இன்னொரு சிக்கல். நம் ஆட்கள் பானெட்டை எப்படி மூடுவார்கள்? ஒரு அடி உயரத்திலிருந்து கையை விட்டுவிடுவார்கள். இரும்பு தன் கனத்திலேயே விழுந்து பூட்டிக்கொள்ளும். இது விழுந்தால் பூட்டாது, சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். அழுத்தினால் கீறல் விடும். முன்பக்கம் இரண்டு ஓட்டை போட்டு, கொண்டி மாதிரி இரும்புப் பின் வைத்துப் பூட்ட வேண்டும் என்றார் அத்தான். பிறகு அவரே, அவசரப்பட்டு ஓட்டை போட வேண்டாம், யோசிக்கலாம் என்றார்.

யோசித்தார்... ஜூலை போயிற்று. ஆகஸ்ட் போயிற்று. ஓணம் வந்து போயிற்று. பழைய பானெட்டைத் திரும்ப மாட்டலாம் என்றால், புதியதற்காகக் கீலை வெட்டி ஒட்டியாகிவிட்டது. துலாம் மாத மழை வேறு பிடித்துக்கொண்டது. ஒரு நல்ல சாரல் அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தண்ணீர் போய் கார் நடுரோட்டில் நின்றுவிடும். வாரத்தில் நாலு நாள் பஸ்ஸில் தொங்கினேன்.

அத்தானுக்கு மட்டும் அலுக்கவில்லை. தினமும் சட்டை போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். வழியில் யாராவது கேட்பார்கள். எங்கள் ஊர்களில் வளைகுடாவிலிருந்து வந்தவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி இரண்டு. எப்பம் வந்தீரு? அதற்கு அவன் வாயைத் திறப்பதற்குள் அடுத்தது — எப்பம் திரும்பிப் போறீரு? மீன்காரி கேட்பாள். போஸ்ட்மேன் கேட்பார். சர்ச்சில் கொயர் என்கிற பாட்டுக் குழுவை நடத்துகிற ஞானதாஸ் சார் ஞாயிறு தவறாமல் கேட்பார். அத்தானிடம் பதில் தயாராக இருக்கும்.

"மச்சினனுக்க வண்டிக்கு ஒரு பானெட் போடுதேன். அது முடிஞ்சதும் போணும்."

என்மேல் எவ்வளவு பிரியம் என்று முதலில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. செக்போஸ்ட்டில் மாட்டிய அன்று அதெல்லாம் வற்றிவிட்டது. மாலையில் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய் தங்கப்பன் அண்ணனைப் பிடித்தேன். ஒரு மூடி மாட்ட நாலு மாதமா என்று கத்தினேன்.

"எனக்கிட்ட சாடாதிங்க சாறே" என்றார் அவர். "இது ரெண்டு நாள் சோலியாக்கும். மூணு பிராவசியம் நான் மாட்டியாச்சு. மாட்டினா மறுநாள் உங்க அத்தான் வந்து, இங்க இடைவெளி உண்டு, அங்க தூக்கி நிக்குதுண்ணு அழிச்சு எடுப்பாரு. நான் என்ன செய்ய?"

"இனி அவர் சொன்னா கேக்காண்டாம். சனிக்கிழமைக்குள்ள ஓட்டையைப் போட்டு முடியும்" என்று உத்தரவு போட்டேன். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, அதே கோபத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா புறவாசலில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அத்தான் கடைக்குப் போயிருந்தார். நான் பொரிந்து தள்ளினேன். அவள் மீனைவிட்டுத் தலை தூக்கவில்லை. நான் முடித்ததும் கேட்டாள்.

"எலே, அவிய வந்து எத்தன மாசம் ஆச்சு?"

"நாலு... அஞ்சாவப் போவுது."

"லீவு எத்தன மாசம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எப்போதும் இரண்டு மாதம்தான். பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அதிகம் நின்றதில்லை.

"ஷார்ஜாவில கடையப் பூட்டியாச்சு. விசா முடிஞ்சு" என்றாள் அக்கா. "அவிய சொல்லல்ல. பெட்டியத் தொடைக்கும்பம் பாஸ்போட்டயும் கடைக்காரனுக்க கடுதாசியையும் நான் பாத்தேன். அவியளாட்டு சொல்லட்டும்ணு நானும் கேக்கல்ல."

அலுமினியப் பாத்திரத்திலிருந்து அடுத்த மீனை எடுத்துச் செதில் சுரண்டினாள்.

"அந்த மூடிய மாட்டியாச்செண்ணா, நாளைக்கு ஒருத்தன் எப்பம் போறீருண்ணு கேட்டா அவிய என்ன பதில் சொல்லுவாவ மக்கா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நாலு மாதமாக என் கார், என் மழை, என் பஸ் என்று கணக்குப் பார்த்தவனுக்கு, ஒரு மனிதர் லீவு முடிந்தும் ஏன் போகவில்லை என்று தோன்றவே இல்லை. இத்தனைக்கும் வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு உலகத்தைப் பற்றி எழுதுகிறவன்!

தங்கப்பன் அண்ணனை நிறுத்தலாம் என்று செவ்வாயன்று போனேன். கடை அடைத்திருந்தது. பெண் வீட்டு விசேஷத்துக்கு ஒற்றசேகரமங்கலம் போயிருக்கிறார் என்றார்கள். அப்பாடா, தானாகவே தள்ளிப்போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அத்தானோடு போய் இறங்கினால், ஒர்க்‌ஷாப் வாசலில் என் கார் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. கழுவித் துடைத்து, பானெட் மாட்டி, முன்பக்கம் இரண்டு இரும்புப் பின் வைத்துப் பூட்டி! வியாழக்கிழமையே திரும்பி வந்து, இருந்து முடித்திருக்கிறார் மனிதர். நான் உத்தரவு போட்டேனே.

அத்தான் பானெட்டின் அருகில் போனார். குனிந்து, விரலை விளிம்பில் வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார். எங்கும் இடிக்கவில்லை, எங்கும் தூக்கவில்லை. நிமிர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தானா ஞானதாஸ் சார் குடையோடு வர வேண்டும்? சாரின் ஸ்கூட்டரும் அங்கேதான் பழுதுக்கு நிற்கிறதாம்.

"கொள்ளாமே! பானெட் சோலி முடிஞ்சு இல்லியா?" என்று சுற்றிவந்து பார்த்தார். பிறகு அத்தானிடம் திரும்பினார். "அப்பம் எப்பம் திரும்பிப் போறீரு?"

அத்தான் பதில் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க சார் முடிஞ்சுது? பானெட் மட்டும் கறுப்பா இருந்தா நல்லாவா இருக்கு? கதவு நாலையும் மாத்தணும்ணு அத்தானிட்ட சொல்லியிருக்கேன். அதுக்கே ஒரு வருஷம் ஆவும்."

தங்கப்பன் அண்ணன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அத்தானும் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. என் தோளில் கை வைத்தார்.

"வேண்டாம் மக்கா" என்றார். பிறகு ஞானதாஸ் சாரைப் பார்த்து, "நான் போகல்ல சார். கடையப் பூட்டியாச்சு. இனி போகல்ல."

"நெசமாட்டா?"

"நெசமாட்டுதான்."

சார் குடையை மடக்கினார். அவர் முகத்தில் வந்தது பரிதாபம் இல்லை. கோபம்.

"இத நீரு ஜூன் மாசமே சொல்லப்பிடாதா ஓய்? கொயரில கட்டக் கொரலில பாஸ் பாட ஒரு ஆளில்லாம நான் கெடந்து அலையுதேன். கிறிஸ்துமஸ் வந்தாச்சு. உம்ம சத்தம் எனக்கு ஓர்மை உண்டு. போற ஆளாச்சேண்ணு ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக் கேட்டு விட்டேன்! செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஆறு மணிக்கு பிராக்டிஸ். வந்து சேரும்."

அத்தான் சரி என்று தலையாட்டினார். பிறகு பானெட்டில் தூசி துடைக்கிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார். அங்கே தூசி எதுவும் இல்லை. அவர் அழுதார். நாங்கள் மூன்று பேரும் ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இனி என்ன செய்யப் போகிறார்? தெரியாது. பதினாறு வருஷத்துக்குப் பிறகு ஊரில் காலூன்றுவது கொயரில் சேருகிற மாதிரி சுலபமில்லை. அக்காவின் முகத்தில் அந்தக் கவலை அப்படியேதான் இருக்கிறது. எனக்கும் உண்டு. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். 'எப்போது போகிறாய்' என்று ஊர் கேட்டதெல்லாம் தன்னை விரட்டுவதாக அவர் நினைத்தார். கேட்டவர்களில் ஒருத்தராவது, இவர் இருந்துவிட மாட்டாரா என்ற நப்பாசையில் கேட்டிருக்கிறார். நாம் கேள்விக்குப் பயந்துகொண்டே இருக்கிறோம். கேட்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று விசாரிப்பதே இல்லை.

காருக்கு இப்போது ரேஸ் பானெட் இருக்கிறது. நான் மட்டும் இன்னும் பஸ்ஸில்தான் வருகிறேன்... செவ்வாயும் வியாழனும் கார் அத்தானோடு பிராக்டிஸுக்குப் போகிறது, மற்ற நாட்களில், ஒரு பாஸ் போதாதாம், இன்னொரு ஆள் தேடி ஞானதாஸ் சாரை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறது!