அக்கா படுத்த பக்கம்

அக்கா மஞ்சள் காமாலையில் இறந்த பிறகுதான் எனக்குத் தலைசுற்றல் வந்தது. பாயில் வலப்பக்கம் திரும்பினால் போதும், வீடே சுழலும். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அவள் எப்போதும் படுத்திருந்த பக்கம் அது.

ரத்தம் சோதித்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஒன்றும் தெரியவில்லை. தலை சுற்றுகிறவளை வெடிமருந்துப் பக்கம் உட்காரவைக்க முடியாது என்று நான் வேலை பார்த்த பட்டாசு ஆபீஸில் போர்மேன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அத்தை மட்டும் உறுதியாகச் சொன்னாள்.

"ஒங்க அக்காகாரிதான்டி. ஒன்னய விட்டுட்டு இருக்க முடியல அவளுக்கு."

எல்லாரும் பயந்தார்கள். எனக்குப் பயமில்லை. யாரும் இல்லாதபோது வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பிப் படுப்பேன். சுழலும். வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் அப்பா என்னை விருதுநகரில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனார். தலை சுற்றுவதற்குக் காதை எதற்குப் பார்க்க வேண்டும் என்று பஸ் முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார்.

கால்களைச் சேர்த்துவைத்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார் டாக்டர். நேராக நின்றேன். பக்கத்தில் அப்பாவும் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அய்யா, நீங்க எதுக்கு மூடுறீக? உக்காருங்க" என்றார் நர்ஸம்மா. அக்கா போன பிறகு அன்றுதான் சிரித்தேன்.

பிறகு டாக்டர் எனக்குத் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டு, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்தபடி சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். அதே சுழற்சி. என் கண்கள் துடிப்பதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காதுக்குள்ள மாவு மாதிரி சின்னத் துகள் இருக்கும்மா. அது இடம் மாறிக் கெடக்கு. தலையத் திருப்பியே பழைய இடத்துல சேத்துரலாம். வேற ஒண்ணுமில்ல."

"அப்ப எங்க அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் என் தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பி, உடம்பை ஒருக்களிக்க வைத்து, கடைசியில் எழுப்பி உட்காரவைத்தார். சற்றுப் பொறுத்து மறுபடி சாய்த்துப் பார்த்தார். எதுவும் சுழலவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்து வலப்பக்கம் திரும்பிப் படுத்தேன். சுவர் சுவராகவே நின்றது. பக்கத்தில் வெறும் பாய்தான். அதில் கையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

"இன்னுஞ் சுத்துதாடி?"

"இல்லம்மா" என்றேன்.